சாவி கேட்காத பெண்கள்

பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளி எதுவானாலும், அவர்களுக்கென்று தனியாக, மறைவாக, தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பிடம் இருக்க வேண்டும். விதி இதுதான். அதன் எண், உட்பிரிவு, பின்னால் வந்த திருத்தம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவற்றை எழுதி உங்களை அலுக்கவைக்க மாட்டேன். ரங்கூனில் நகரச் சுகாதாரம் பார்த்த ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைமைக் குமாஸ்தாவாக முடிந்தவன் நான். ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நான் ஓய்வைப் பெறவில்லை. ஒருநாள் காலை அலுவலகத்துக்குப் போனபோது என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஓய்வு கொடுக்கப்பட்டிருந்தது. பிறகு கப்பல், பிறகு சென்னைத் துறைமுகம், பிறகு ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி ஒரு துண்டு நிலம், அதில் ஓர் ஓட்டு வீடு. இந்த இதழைப் படிக்கும் பழைய ரங்கூன்வாசிகளுக்கும், அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் (தபால் உங்கள் கைக்கு வந்து சேருமானால்) நான் வந்து சேர்ந்த நாட்டைப் பற்றி எழுதுகிறேன். இதைத் தாய்நாடு என்று குறிப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. பிறந்தது அங்கே என்பதால் எனக்கு இது வந்த நாடுதான்.

வந்த நாட்டில் நான் கண்ட விசித்திரங்களில் மிகச் சிறியதைச் சொல்லித் தொடங்குகிறேன். இங்கே பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை.

ரங்கூனில் தெருவுக்குத் தெரு யேயோஸின் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு காலில் நிற்கும் மரத்தட்டு, மேலே சின்னக் கூரை, இரண்டு மண்பானை, கவிழ்த்து வைத்த ஒரு குவளை. யார் நிரப்புகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நிரப்பியவரின் பெயரை அதில் எழுதவும் மாட்டார்கள். இங்கேயும் தண்ணீர்ப் பந்தல் உண்டு. ஆனால் அது கோடையில், திருவிழாவில் மட்டும். வைத்தவர் பெயர் பானையைவிடப் பெரிதாக இருக்கும், ஒருவர் உட்கார்ந்து மேலிருந்து ஊற்றுவார். எனக்கு ரங்கூன் வழக்கம்தான் பழக்கம். எங்கள் தெருக் கோடியில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் இன்டர்வலிலும் என் வாசலைக் கடந்தார்கள். அறுபத்தொன்பதாம் ஆண்டு வாக்கில் வாசலில் ஒரு யேயோஸின் வைத்தேன். பையன்கள் கூட்டமாக வந்து குடித்தார்கள், மேலே தெளித்துக்கொண்டார்கள், குவளையை இரண்டு தடவை திருடினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. பெண்கள் மட்டும் கிட்டே வரவில்லை. வெயிலில் உதடு காய்ந்து நிற்பார்கள், பானையைப் பார்ப்பார்கள், நடந்துவிடுவார்கள்.

எனக்குக் குமாஸ்தா மூளை. ஒரு விஷயம் விளங்காவிட்டால் அதற்கு ஒரு தலைப்புக் கொடுத்துவிடுவேன். இதற்குச் சாதி என்று தலைப்புக் கொடுத்தேன். என்ன சாதிக்காரர் வீட்டுப் பானை என்று தெரியாததால் பெண்களுக்கு வீட்டில் தடை போட்டிருக்கிறார்கள் என்று நானே தீர்மானித்து, ஒரு பலகையில் அழகான எழுத்தில் எழுதி மாட்டினேன்: 'இது பொதுக் குடிநீர். சாதி மத வேறுபாடின்றி யாவரும் அருந்தலாம்.' மறுநாள் பையன்களில் பாதிப் பேர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு முனுசாமி அன்று சைக்கிளை நிறுத்திவிட்டுப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான். அவனும் அவன் மனைவி கன்னியம்மாளும் வெள்ளானூர்ப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டி, நாற்று நட்டவர்கள். அந்த வயல்கள் மனைகளாகிப்போனதும் அவன் அம்பத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் உலைக்குக் கரி தள்ளப் போனான். அவள் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள்.

"இன்னா சாரே, போர்டு மாட்டிக்கினே?"

"யாரும் தயங்கக் கூடாது என்றுதான்."

"நேத்து வரிக்கும் பானைக்குள்ள தண்ணி மட்டும்தான் கீதுன்னு நென்ச்சிகினு குட்ச்சானுங்க. நீ எழ்தி மாட்னப்புறம்தான் சாதியும் கீதுன்னு தெரிஞ்சிக்கினானுங்க. கய்ட்டிப் போடு நைனா."

ஒருமையில் பேசுகிறானே என்று வந்த புதிதில் கோபப்பட்டிருக்கிறேன். ஒருமையில் பேசும்போதுதான் அவன் உண்மை பேசுகிறான் என்பது பிற்பாடு பிடிபட்டது. பலகையைக் கழற்றினேன். பையன்கள் திரும்பி வந்தார்கள். பெண்கள் வரவில்லை.

காரணம் ஒரு பகல் வேளையில் என் வாசலிலேயே மயங்கி விழுந்தது. முனுசாமியின் மகள் ஜோதி, ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் பள்ளியிலேயே முதல் என்று பெயர். இன்டர்வல் மணி அடித்த கொஞ்ச நேரத்தில், பானைக்கு நாலடி தள்ளி, புத்தகப் பையோடு உட்கார்ந்து அப்படியே சாய்ந்தாள். என் மனைவி பாக்கியம் ஓடிவந்து உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, முகத்தைத் துடைத்து, ஒரு சொம்பு மோரை நீட்டினாள். அந்தப் பெண் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"குடி கண்ணு. நாக்கு வறண்டு கிடக்கே."

"வாணாம் பர்மாம்மா. இன்னும் மூணு பீரியட் கீது."

நான் அறை வாசலில் நின்றிருந்தேன். எனக்கு அந்த வாக்கியம் விளங்கவில்லை. மோருக்கும் பீரியடுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவே வாயெடுத்தேன். பாக்கியத்துக்கு உடனே விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் மேசையில் வாங்கிய எல்லாப் புகார் மனுக்களும் இருந்தன.

"நீங்க கொஞ்சம் வெளியே போங்க" என்றாள்.

போனேன். கொல்லைக் கதவு திறக்கும் சத்தமும், தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து ஜோதி உள்ளே வந்து இரண்டு சொம்பு மோரை நிறுத்தாமல் குடித்தாள் என்று பாக்கியம் பிறகு சொன்னாள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலையில் இருட்டிய பிறகு ஏரிக்கரைப் பக்கம் போகும்வரை அந்தப் பள்ளியின் பெண்களுக்குப் போக இடமில்லை. ஆகையால் காலையிலிருந்தே குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். குடித்தால் போக வேண்டும். போக வழியில்லை என்றால் குடிக்காமல் இருப்பதுதானே ஒழுங்கு? நான் தாகத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுச் சாதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை கன்னியம்மாள் சிமெண்டுப் புழுதியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகளை அழைத்துப் போக வந்தவள், ஒரு முடிவோடும் வந்திருந்தாள்.

"காலாண்டுப் பரிச்ச முடியட்டும்க்கா, நிறுத்திடப் போறேன்" என்றாள் பாக்கியத்திடம். "பெரிய மனுசி ஆயி வருசமாவுது. மாசத்துல நாலு நாளு ஸ்கூலுக்கே போறதில்ல. போற நாளும் அடக்கிகினு குந்திகினு கீது. அடிவயிறு நோவுதுன்னு ராத்திரிபூரா அய்வுது."

"கணக்கில் முதலாவதாக வருகிற பெண்ணை நிறுத்தலாமா?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"படிப்பு வாணாம்னு யாரு சொன்னா சார்? நா படிக்கல. ஆனா நாத்து நடச் சொல்லோ வரப்புக்கு அந்தாண்ட மறப்பு இருந்திச்சி, பனந்தோப்பு இருந்திச்சி. ஒர்த்தியக் காவலுக்கு நிக்க வெச்சிட்டுப் போய்ட்டு வருவோம். சேத்துல நின்ன எனுக்கே எடம் இருந்திச்சி. பெஞ்சில குந்தி எய்துற எம்பொண்ணுக்கு இன்னா கீது சொல்லு?"

நான் எத்தனையோ ஆண்டறிக்கைகள் தயாரித்திருக்கிறேன். முன்னேற்றம் என்ற சொல்லை அவற்றில் பத்திக்கு ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அதற்கு எதிராக இப்படி ஒரு கேள்வி எந்தக் கோப்பிலும் வந்ததில்லை. கூலி வயலிலிருந்து பெஞ்சுக்கு வந்த அந்தக் குடும்பம் ஒரு தலைமுறையில் ஏறிய ஏற்றத்தை யாரும் மறுக்க முடியாது. ஏறிய இடத்தில் ஒரு மறைப்புத் தட்டி இல்லாததால் அந்தப் பெண் திரும்ப இறங்கவிருந்தாள்.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் தேவசகாயம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நேர்மையான மனிதர். பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கே என்று கேட்டேன்.

"இருக்குதே சார்வாள்! வாங்க, காட்டுதேன்."

ஆசிரியர்கள் அறையைத் தாண்டி, கடைசியில் ஒரு கதவு. பூட்டியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த கொத்திலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு துளி கறை இல்லாத தரை. சுருட்டிய தேசப்படங்கள், கயிறு இழுக்கும் போட்டிக்கான வடம், பாதி உடைந்த ஒரு பூகோள உருண்டை.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம், பாத்தியளா?"

"சாவி?"

"எங்கிட்டதான். கேட்டா குடுத்திருவேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன் சார்வாள், நான் வந்த நாளிலேருந்து ஒரு பிள்ளை வந்து கேட்டதில்ல. அவ்வளவு ஒழுக்கம்!"

அவர் கேலி பேசவில்லை. பெருமையாகவே சொன்னார். நான் அந்த வராந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். சாவி கேட்க வேண்டுமானால் ஒரு பெண் பதினோராம் வகுப்புப் பையன்கள் உட்கார்ந்திருக்கும் ஜன்னல்களைக் கடந்து, ஆண்கள் மட்டுமே உள்ள ஆசிரியர்கள் அறையைக் கடந்து, தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து காரியத்தைச் சொல்ல வேண்டும். தன் தகப்பனிடம்கூட அதைச் சொல்லியிராத பெண். ஆசிரியைகள் யாரும் இல்லையா என்று கேட்டேன். வந்தார்களாம். வந்தவர்கள் எல்லாரும் சீக்கிரமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். ஏனென்றே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது தெரிந்திருந்தது.

சாவியை ஒரு மாணவியிடம் கொடுத்து வைக்கலாமே என்றேன். அறையில் இருக்கும் சாமான்களுக்கு இருப்புப் பதிவேடு உண்டு, ஒரு படம் தொலைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். வாதாட முடியவில்லை. அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் சாவியை விட்டிருக்க மாட்டேன். விதி கேட்டது ஒரு கழிப்பிடம். கழிப்பிடம் இருந்தது. ஆய்வு அறிக்கையில் 'உண்டு' என்ற ஒரு சொல் எழுதப்பட்டுவிட்டால், உலகில் எந்த அதிகாரியும் அதற்கு மேல் ஒரு கதவைத் தள்ளிப் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரங்கூன் நினைவு வந்தது. பெரிய அங்காடியில் கடை போட்ட பர்மியப் பெண்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்த பூச்சு, வாயில் சுருட்டு, பணப்பெட்டிச் சாவி அவர்கள் இடுப்பில். புருஷன்மார் சாமான் இறக்கிக்கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அங்காடிக் கழிப்பிடத்தில் கதவு உடைந்துவிட்டால் அந்தப் பெண்கள் நாலைந்து பேராக என் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஆபீஸ் முழுக்கக் கேட்கக் கத்துவார்கள். பர்மிய மொழியில் கழிப்பிடத்துக்கு எய்ந்தா என்று பெயர், சுகமான வீடு என்று பொருள். "எங்கள் சுகமான வீட்டுக்குக் கதவு எங்கே? உன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வரட்டுமா?" என்று ஒருத்தி மேசையைத் தட்டினாள். என் தலைவலிகளில் ஒன்றாக அப்போது அதைக் குறித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் நான் பார்த்த முன்னேற்றங்களிலேயே உருப்படியானது அந்தக் கூச்சல்தான். அவர்களுடைய தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு மறைவிடம் இருந்தது. இருந்ததனால் அது இல்லாதபோது கோபம் வந்தது. கோபம் வந்ததனால் அதிகாரி முன்னால் வாய் திறந்தது. ஒன்றுக்குத் திறந்த வாய் மற்றதற்கும் திறந்தது. இங்கே முதல் படியிலேயே வாயை மூடப் பழக்கியிருந்தார்கள், அதற்கு ஒழுக்கம் என்று மதிப்பெண்ணும் போட்டார்கள். சாவி கேட்க முடியாத பெண் நாளைக்குக் கூலியையும் சொத்தில் பாகத்தையும் எப்படிக் கேட்பாள்?

ரங்கூனைச் சொர்க்கமாக்கிவிட்டேன் என்று என் பழைய சகாக்கள் யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அந்தச் சுகமான வீடுகளின் அடியில் இருந்த வாளிகளை விடியுமுன் தலையில் சுமந்தவர்கள் நம் ஆட்கள். தெலுங்கர்கள், தமிழர்கள். அவர்கள் வருகைப் பதிவில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் பிள்ளைகளை எந்தப் பள்ளியிலும் நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் தண்ணீர் வைத்த அந்த ஊர்தான் ஒருநாள் எங்களைப் பார்த்துக் கலா, அதாவது அந்நியன், என்று சொல்லிக் கப்பலேற்றியது. ஆகவே தேவைகள் தீர்ந்தால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்று நான் எழுதப் போவதில்லை. தீராவிட்டால் அவன் எதுவாகவும் ஆக முடியாது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மனு எழுத உட்கார்ந்தேன். பொருள், பார்வை, விதி, வேண்டுகோள் எல்லாம் உரிய இடத்தில். என் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே நேர்த்தியான மனு. அந்த மனு ஒரு கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாக்கியம் தன் காரியத்தை முடித்துவிட்டாள்.

நாங்கள் வீடு கட்டியபோது சமையலறைக்கு முன்பே கொல்லையில் கக்கூஸ் கட்டினோம். குழி வைத்தது, தண்ணீர் ஊற்றினால் போதும், யாரும் வந்து அள்ள வேண்டியதில்லை. பூஜைக்கு இடம் ஒதுக்குவதற்குள் இதற்கு இடம் ஒதுக்கினார்களே என்று தெருவே சிரித்தது. அந்தக் கொல்லை பள்ளியின் சுற்றுச்சுவருக்கு அடுத்தாற்போல் இருந்தது. பாக்கியம் கொல்லைப் படலைத் திறந்துவிட்டு, ஜோதியிடம், "இன்டர்வல்ல வா. உன் கூட்டாளிங்களையும் கூட்டிட்டு வா" என்றாள்.

கன்னியம்மாள் உடனே ஒப்பவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் தானே வந்து கொல்லைக்குப் போனாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். உள்ளிருந்து கதவைத் தோளால் இடித்துப் பார்த்தாள். வெளியே நின்ற பாக்கியத்திடம், "நீ அந்தாண்டேந்து இட்சிப் பாருக்கா" என்றாள். பாக்கியமும் இடித்தாள். கதவு அசையவில்லை. கன்னியம்மாள் வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தாப்பா நல்லா கீது. போவட்டும்."

ஜோதியின் படிப்பு நிலைத்தது அந்தத் தாழ்ப்பாளால்தான். எந்த அலுவலகத்தாலும் அல்ல.

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஒரு கூட்டம். பிறகு எங்கள் கொல்லையில் வரிசை. பானையில் தண்ணீர் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது. ஒரு வாரம் போயிருக்கும், தேவசகாயம் குடையோடு வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்வாள். நீங்க செய்யுதது புண்ணியம். ஆனா பள்ளிக்கூட நேரத்துல பிள்ளைகளை வளாகத்துக்கு வெளியே அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

விதி அவர் பக்கம் இருந்தது. நான் எத்தனையோ பேரை விதி காட்டித் திருப்பி அனுப்பியவன். திரும்பிப் போனவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்று என் முகத்தை வைத்து ஊகித்துக்கொண்டேன். காப்பி கொடுத்து அவரை உட்காரவைத்துவிட்டு யோசித்தேன். கால அட்டவணையில் தோட்ட வேலை உண்டா என்று கேட்டேன். உண்டு, ஆனால் பள்ளியில் நிலம் இல்லாததால் அந்த நேரத்தில் நன்னெறி வகுப்பு எடுப்பதாகச் சொன்னார்.

"நிலம் இல்லாத பள்ளி, அக்கம்பக்கத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு நிலம் பயன்படுத்தலாம். சம்மதக் கடிதம் இப்போதே எழுதித் தருகிறேன். கத்திரி, வெண்டை வைக்கலாம். மேல் வகுப்புப் பெண்கள் தினமும் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஒரு நாள் விட்டாலும் செடி தாங்காது."

தேவசகாயம் காப்பியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"தண்ணி செடிக்குத்தானே சார்வாள்?"

"செடிக்கும்தான்."

அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மறுநாள் காலை வழிபாட்டில் தோட்டக்கலையின் மேன்மையைப் பற்றிப் பேசியதாகக் கேள்விப்பட்டேன்.

பையன்கள் சும்மா விடவில்லை. சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "டேய், கத்திரிக்கா கிளாஸு போவுதுடா!" என்று கத்துவார்கள். ஆரம்பத்தில் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்கள். ஒருநாள் ஜோதி நின்றாள். கையில் தண்ணீர் வாளி.

"ஆமாண்டா, உனுக்கு ரெண்டு பறிச்சாறவா? சோத்துக்கு இல்லாத காஞ்சி கருவாடா கீறியே!"

சுவர் முழுக்கச் சிரிப்பு. கத்தினவன் இறங்கிப் போய்விட்டான். கொல்லை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பாக்கியம் என்னைப் பார்த்து, "அங்காடிக்காரி ஒருத்தி இங்கேயும் தயாராகிறா" என்றாள்.

குழி நிறையத் தொடங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முனுசாமி கடப்பாரையோடு வந்தான். இன்னும் மூன்று தகப்பன்மார் கூட வந்தார்கள். இரண்டாவது குழியை ஆளை வைத்துத் தோண்டலாம் என்றேன். எந்த ஆளை என்று கேட்டான். "எவனோ வந்து தோண்டணும், எம்பொண்ணு படிக்கணும், அதானே சாரே? எம்பொண்ணு குய்ய நானே தோண்டிக்கிறேன்" என்றான். ஏரியோரத்து மண் இளக்கமானது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷ ஆய்வுக்கு வந்த அதிகாரி எங்கள் கொல்லையைப் பார்த்து மகிழ்ந்து இரண்டு கத்திரிக்காயைக் கையில் எடுத்துக்கொண்டார். மாணவிகளின் தோட்டக்கலை ஆர்வம் பாராட்டத்தக்கது என்று எழுதினார். கழிப்பிடம் என்ற இடத்தில் வழக்கம்போல 'உண்டு' என்று எழுதினார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கும் வயது ஆகிறது. நான் என் மனுவுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அனுப்பிக்கொண்டே இருந்தேன். பதில் வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது, அனுப்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பதால் அனுப்பினேன். நாடு அந்த வருஷங்களில் பெரிய பெரிய காரியங்கள் செய்தது. ஆவடியில் யுத்த வண்டிகள் செய்தார்கள், அம்பத்தூரில் புதிது புதிதாகத் தொழிற்சாலைச் சங்குகள் ஊதின. எங்கள் பள்ளியின் வெள்ளையடித்த அறைக்குள் தேசப்படங்கள் சுகமாக இருந்தன.

ஜோதி பதினோராம் வகுப்பில் தேறினாள். முதலாவதாக அல்ல, நன்றாக. தட்டெழுத்துக் கற்றாள். வேலைக்கு இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டும் அம்பத்தூர்ப் பேட்டையில். ஓர் இடம் பெரிய ஆபீஸ், மின்விசிறி, மேசை. இன்னொன்று ரேடியோச் சாமான் பூட்டும் ஒரு சின்னத் தொழிற்சாலை. அவள் சின்னதில் சேர்ந்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை.

"தட்டெழுத்துப் படித்துவிட்டு ஆபீஸை விட்டுவிட்டாயே, ஏனம்மா?"

"இன்னா வேலைன்னு கேக்க முன்னாடி பின்பக்கம் போய்ப் பாத்தேன் சார். அந்த ஆபீஸ்ல கக்கூசு ஆம்பளைங்களுக்குத்தான் கீது. எங்கன்னு மேனேஜர் கைல கேட்டேன். சிரிக்கிறாரு. பொம்பளைங்க வேலைக்கு வர்ற எடத்துல இத்த யோசிக்கலியா சார்னு கேட்டேன். சிரிப்பு நின்னுபோச்சி." பிறகு, "இந்தக் கம்பெனில கீது. தாப்பாவும் கீது. நா இட்சிப் பாத்துட்டேன்" என்றாள்.

பாக்கியம் எழுந்து போய் அவளுக்குக் காப்பி போட்டாள். தட்டெழுத்து வீணாகிப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் ஒரு மேனேஜர் முன்னால் நின்று அவள் கேட்ட கேள்வியை நான் என் கணக்கில் வரவாக வைத்திருக்கிறேன்.

பிறகுதான் என் மனுவுக்குப் பதில் வந்தது. தபால்காரர் படலருகே நின்று, "பர்மா சார், உங்களுக்கு அரசாங்கத்துலேருந்து" என்று கூப்பிட்டார். அங்கே கலாவாக இருந்தவன் இங்கே பர்மா. பள்ளியில் இன்டர்வல் மணி அடித்த நேரம், கொல்லையில் கத்திரிச் செடிகளுக்கு நடுவே பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். எல்லாம் புதிய முகங்கள். உறையைப் பிரித்தேன். கல்வி அலுவலகம் என் மனுவை உரிய நடவடிக்கைக்காக வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தது. அகதிகளின் மறுவாழ்வைக் கவனிக்கும் அலுவலகம் அது. மனு எதைப் பற்றியது என்று யாரும் படிக்கவில்லை. மனுதாரர் பர்மாவிலிருந்து வந்தவர், கழிப்பிடம் கேட்கிறார் என்று மட்டும் படித்திருக்கிறார்கள். தாயகம் திரும்பிய தாங்கள் தங்கள் வீட்டுக்குக் கழிப்பிடம் கோரிச் சமர்ப்பித்த மனு பரிசீலனையில் உள்ளது என்றும், தாங்கள் நிரந்தரமாகக் குடியேற உத்தேசித்துள்ள ஊரின் பெயரைத் தெரிவித்தால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் எழுதியிருந்தது.

பாக்கியம் கொல்லை வாசலிலிருந்து, "என்னவாம்?" என்று கேட்டாள்.

"நாம் எந்த ஊரில் குடியேறப் போகிறோம் என்று கேட்கிறார்கள்."

அவள் வரிசையைப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் ஒரு சின்னப் பெண் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருந்தது. இந்த ஊரில் பிறந்தவர்கள் எங்கள் வீட்டில் இடத்துக்குக் காத்திருந்தார்கள். இந்த நாட்டின் கோப்பிலோ நாங்கள் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை.

"இவங்க இன்டர்வல் முடிஞ்சு போகட்டும்" என்றாள் பாக்கியம். "அப்புறம் யோசிச்சுச் சொல்லலாம்."

நான் மேசைக்குப் போய், பழக்கம் விடவில்லை, கடிதத்தின் இடது மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்துக் கையெழுத்திட்டேன்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, ஜூலை மாதம், பதினைந்தாம் தேதி.